உடையார்கட்டில் எழும்பிய கணினி

போன மாதம் எங்கள் பழைய பயிற்சி நிலையத்துக்குப் போயிருந்தேன். புதிதாக வந்த கணினிகளை இரண்டு வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் ஒன்று எழும்பவில்லை. அங்கே இப்போது படிப்பிக்கும் பிள்ளைகள் அதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் ஒரு மூலையில் வைத்தார்கள்.

"திறந்து பாக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"திறந்தால் உத்தரவாதம் போயிடும், சேர். கொம்பனிக்காரர் வேற ஒண்டு தருவினம்."

அவர்கள் செய்தது சரிதான். எனக்கும் அப்படி ஒரு கொம்பனிக்காரர் அந்த நாளில் இருந்திருந்தால் நானும் திறந்திருக்க மாட்டேன். தேநீர் குடிக்கும்போது ஒரு பிள்ளை, "சேர், உங்கட முதல் கம்பியூட்டரை எங்க வாங்கினீங்கள்?" என்று கேட்டாள். வாங்கவில்லை என்று தொடங்கினேன். சொல்லி முடிக்குமுன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில் பழகியது கிளிநொச்சியில் ஒரு வானொலி திருத்தும் கடையில். பிறகு இந்த நிலையத்தில் மின்னிணைப்பும் வானொலி திருத்தமும் படிப்பிக்க எடுத்தார்கள். நான் சேர்ந்த கொஞ்சக் காலத்திலேயே போரால் வன்னிக்கு மின்சாரம் நின்றுபோனது. அதற்குப் பிறகு கரண்ட் இல்லாத வயர்களை வைத்துத்தான் மின்னிணைப்புப் படிப்பித்தேன். சைக்கிள் டைனமோவில் ரேடியோ பாட வைக்கும் வேலை அப்போது நன்றாக ஓடியது. தொண்ணூறுகளின் நடுவில் கிளிநொச்சிச் சனம் எல்லாம் சண்டைக்குப் பயந்து எழும்பியபோது நிலையமும் எழும்பி உடையார்கட்டில் ஒரு தென்னங்காணிக்குள் கிடுகுக் கொட்டில்களில் வந்து இருந்தது.

நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் திலகவதி ரீச்சர். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். தம்பியாரின் வயற்காணி விசுவமடுவில் இருந்தபடியால் இடம்பெயர்ந்து அங்கே வந்து, பிறகு எங்களிடம் வந்தார். மெலிந்த உடம்பு. வெள்ளையில் சின்னக் கரை போட்ட நூல்சேலை. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனால் அவாவுக்கு முன்னால் நின்று கதைப்பது எனக்கு ஒரு சோதனை. ஒரு வேலை சரிவரவில்லை என்று போய்ச் சொன்னால், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "என்ன கண்டனீங்கள், குணரத்தினம்?" என்பார். "பியூஸ் போயிருக்கும் எண்டு நினைக்கிறன்" என்று தொடங்கினால், "அது நினைச்சது. கண்டதை முதல் சொல்லுங்கோ" என்பார். கண்டது முடிந்தபிறகுதான் நினைத்ததைச் சொல்ல விடுவார். இரண்டையும் கேட்டபிறகு கண்ணாடியை மாட்டிக்கொள்வார். போகலாம் என்று அர்த்தம். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அவாவிடம் போகுமுன்பே மனதுக்குள் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். பாதி நாட்களில் அப்படிப் பிரிக்கும்போதே பிழை எங்கே என்று பிடிபட்டு, போகாமலே திரும்பிவிடுவேன்.

கணினி வகுப்பு ஒன்று தொடங்கவேண்டும் என்று ரீச்சர் முடிவெடுத்தபோது எங்களிடம் கணினி இருக்கவில்லை. தடித்த மட்டையில் விசைப்பலகை கீறி, எழுத்துகளைச் சரியான இடத்தில் எழுதி, ஆளுக்கொன்று கொடுத்தார். அவா சொல்லச் சொல்லப் பிள்ளைகள் மட்டையில் விரலால் தட்டுவார்கள். கொட்டிலுக்குள் மழை தூறுவதுபோல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒருவர் பிழையாகத் தட்டினாலும் மட்டை சொல்லாது. ரீச்சர் பின்னால் நின்று விரல்களைப் பார்த்துச் சொல்லுவார்.

அந்த வகுப்பில் செல்வமணி என்றொரு பெண். வயது இருபத்தைந்து இருக்கும். தாய் தகப்பன் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து, கண்டாவளைப் பக்கம் கூலிக்கு வயல்வேலை செய்தவர்கள். அவள் பிறந்தது தோட்டத்தில், வளர்ந்தது வன்னியில். வர்த்தகப் பிரிவில் உயர்தரம் சித்தியடைந்துவிட்டு வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தாய் இடம்பெயர்ந்த கையோடு காய்ச்சலில் போய்விட்டார். தகப்பன் ராமையாவுக்கு நெஞ்சு வருத்தம். அதற்குரிய வைத்தியர் ராணுவக் கட்டுப்பாட்டிலிருந்த வவுனியாவில்தான். ஒவ்வொரு முறையும் வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுத்து, பாதை திறக்கும்வரை காத்திருந்து போய்வருவதற்குள் மருந்து முடிந்து மனுசன் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருப்பார்.

வவுனியாவில் ஒரு நிறுவனத்தில் கணினியில் தரவு பதிய ஆட்கள் தேவை என்று கேள்விப்பட்டு ரீச்சர் அவளை விண்ணப்பிக்க வைத்தார். நேர்முகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அங்கே வேலை கிடைத்தால் தங்கியிருக்க அனுமதி கிடைக்கும். தகப்பனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் நேர்முகத்தோடு கணினியில் செய்முறைத் தேர்வும் உண்டு என்று எழுதியிருந்தது. செல்வமணி அதுவரை கணினியைப் படத்தில்தான் பார்த்திருந்தாள்.

ரீச்சர் என்னைக் கூப்பிட்டார். "சாமான் அறையில ஒரு பெட்டி கிடக்குதல்லோ, அதைத் திறந்து பாருங்கோ."

அந்தப் பெட்டி ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் கிளிநொச்சியை விட்டுப் போகும்போது எங்களுக்குத் தந்துவிட்டுப் போனது. அவர்கள் பாவித்துத் தேய்த்த பழைய கணினி. இடம்பெயர்வில் உழவு இயந்திரப் பெட்டியில் நெல் மூட்டைகளுக்கு நடுவில் வந்து, வழியில் மழையிலும் நனைந்தது. நான் ரேடியோக்காரன். கணினி ஒன்றின் உள்ளைக் கண்டதே இல்லை. அதை ரீச்சரிடம் சொன்னேன்.

"நானும் காணேல்லை. திறந்தால் ரெண்டு பேரும் காணலாம்."

திறந்தோம். உள்ளே ஒரு தவளை செத்துக் காய்ந்து கிடந்தது. நெல் உமி, சேறு, ஒரு மூலையில் பச்சையாகப் பூத்த உப்பு. ஒவ்வொரு வயரும் எதிலிருந்து எதற்குப் போகிறது என்று பார்த்து, நிறநூல் கட்டி அடையாளம் வைத்துக் கழற்றினேன். கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் மின்வழங்கியிலிருந்து, எல்லாம் பொருந்தியிருக்கும் தாய்ப்பலகைக்கு வயர்கள் இரண்டு கொத்தாக வந்தன. இரண்டு கொத்தின் முனையும் ஒரே மாதிரி. மாறிக் கொளுவினாலும் உள்ளே போகும், ஆனால் பலகை எரிந்துவிடும். கழற்றுமுன்பே ரீச்சர்தான் சொன்னார்: "ரெண்டு கொத்திலயும் கறுப்பு வயருகள் நடுவில பக்கம் பக்கமா வருகுது. அதை மறக்காதேங்கோ." அதற்குப் பிறகு எத்தனையோ பெட்டிகள் திருத்திவிட்டேன். அந்தக் கறுப்பு வயர்களைப் பார்க்காமல் ஒருநாளும் கொளுவியதில்லை.

பலகைகளை நல்ல தண்ணீரில் பல்லுத்தேய்க்கும் பிரஷால் கழுவினேன். கணினியைக் கழுவுகிறான் என்று பக்கத்துக் கொட்டில்காரர் வந்து பார்த்தார்கள். மழைத் தண்ணீரும் சேறும் போன இடத்துக்கு நல்ல தண்ணீர் போனால் கெடுதல் இல்லை, நன்றாகக் காயவேண்டும், அவ்வளவுதான். பாய் விரித்து வெயிலில் காயவைத்தோம். காகம் கொத்தாமல் செல்வமணி பக்கத்தில் இருந்தாள்.

அந்தப் பச்சை உப்பு, பலகையில் பதித்திருந்த சின்ன பற்றரி ஒழுகியதால் வந்தது. பற்றரியை வெட்டி எறிந்து, தேசிக்காய்ப் புளியால் உப்பைக் கரைத்துத் துடைத்தேன். கீழே தலைமயிர் அளவு செப்புக்கோடு ஒன்று அரித்துப்போயிருந்தது. சைக்கிள் லைற் வயரிலிருந்து ஒரு இழை எடுத்து ஈயத்தால் பாலம் போட்டேன். மின்சாரச் சொல்டரிங் இல்லை. செப்புக் கம்பியை அடுப்புத் தணலில் சூடாக்கி ஒத்துவதுதான். ஒத்துமுன் மூச்சைப் பிடித்து, எடுத்தபிறகு விடுவேன்.

வேறு பற்றரி போட வழியில்லை. ரோச் லைற் பற்றரி ஒன்றையே வன்னிக்குள் கொண்டுவர விடாத காலம். வவுனியாவிலிருந்து சுவர் மணிக்கூடு வாங்கிவந்தவரிடம் ராணுவச் சோதனைச் சாவடியில் உள்ளே இருந்த பற்றரியைக் கழற்றி எடுத்துவிட்டுத்தான் மணிக்கூட்டைக் கொடுத்தார்கள். பற்றரி இல்லாத கணினிக்கு ஒவ்வொரு முறை எழும்பும்போதும் தன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரியாது. நாங்கள்தான் ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் அணைக்கும்வரை நினைவில் வைத்திருக்கும். அது போதும் என்று விட்டோம்.

மின்வழங்கிக்குள் பியூஸும் டயோட்டுகளும் போயிருந்தன. புதுக்குடியிருப்பில் பழைய ரேடியோ, ரீவிச் சாமான் விற்கும் நேசன் அண்ணையிடம் சைக்கிளில் போனேன். அவரிடம் உடைந்த ரீவிப் பலகைகள் ஒரு சாக்கு நிறைய இருந்தன.

"என்னத்துக்கு?"

"கம்பியூட்டருக்கு."

"ரீவிச் சாமானில கம்பியூட்டர் ஓடுமே?"

"கரண்டுக்குத் தான் எதுக்குள்ள போறன் எண்டு தெரியாது, அண்ணை."

அவர் சிரித்துவிட்டு, சாக்கைக் கொட்டி என்னையே தேட விட்டார். எனக்கு வேண்டியதைக் கழற்றிக்கொண்டு வந்தேன்.

நிலையத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு ஜெனரேற்றர் இருந்தது. தொடக்க மட்டும் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். ஒரு பழைய மருந்துப் போத்தலில் வைத்துத் துளித்துளியாக விடுவோம். நேரடியாகக் கரண்ட் கொடுக்க எனக்குத் துணிவில்லை. ரேடியோக் கடையில் பழகிய முறைப்படி நூறு வாற்று மின்குமிழ் ஒன்றை வழியில் போட்டேன். குமிழ் ஒருதரம் மின்னி மங்கினால் உள்ளே எல்லாம் சரி. எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ வயரும் வயரும் முட்டுகிறது. முட்டினாலும் குமிழ்தான் எரியும், பெட்டி தப்பும்.

ஜெனரேற்றரைத் தொடக்கி ஆளியை, அதுதான் சுவிச்சை, போட்டேன். குமிழ் மின்னியது, மங்கியது. உள்ளே விசிறி சுற்றத் தொடங்கியது. ஆனால் திரையில் ஒன்றும் இல்லை. பெட்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு கூவல், விட்டு விட்டுக் கேட்டது.

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன கண்டனீங்கள்?"

"கேட்டது மட்டுந்தான், ரீச்சர். ஏதோ இல்லையெண்டு சொல்லிக் கூப்பிடுது."

கழற்றிப் பூட்டிய ஒவ்வொன்றையும் திரும்பப் பார்த்தேன். நினைவுப் பலகைகளின் பல்லுகள் மங்கிக் கறுத்திருந்தன. செல்வமணியின் அழிறப்பரை வாங்கி ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து, மினுக்கி, திரும்பக் குத்தினேன். அடுத்த முறை கூவல் இல்லை. சின்னதாக ஒரு 'பீப்'. பிறகு கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஒவ்வொரு வரியாக இறங்கின.

செல்வமணி முன்னுக்கு வந்து, திரையில் கை படாமல், எழுத்துகளுக்கு நேரே விரலை வைத்து வாசித்தாள்.

எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் வன்தட்டு நனைந்து செத்துவிட்டது. உள்ளே 'டிக் டிக்' என்று ஏதோ தலையில் அடித்துக்கொண்டது. அதை விட்டுவிட்டோம். பெட்டியோடு வந்த பிஸ்கற் தகரத்துக்குள் இருந்த பிளொப்பி என்ற நெகிழ்தட்டுகள் நனையாமல் தப்பியிருந்தன. ஒவ்வொன்றின் மூடியையும் விலக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பூஞ்சணம் பூத்ததைப் போட்டால் வாசிக்கும் தலையும் கெடும். சுத்தமாக இருந்ததில் ஒன்று கணினியை எழுப்பியது, ஒன்றில் கடிதம் எழுதும் மென்பொருள், இன்னொன்றில் கணக்கு அட்டவணை. ஒன்றைப் போட்டு எழுப்பி, எடுத்துவிட்டு மற்றதைப் போட்டு வேலை செய்யலாம். அலுமாரி இல்லாத வீட்டில் பெட்டியைத் திறந்து உடுப்பு எடுப்பதுபோலத்தான். எங்கள் எல்லாருடைய வீடும் அப்போது அப்படித்தானே இருந்தது.

செல்வமணிக்குக் காலையில் ஒரு மணித்தியாலம் என்று ரீச்சர் ஒதுக்கினார். முதல்நாள் அவள் விசையைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள்.

"என்ன?" என்று ரீச்சர் கேட்டார்.

"கீழ போகுது, மிஸ்."

மட்டையில் பழகிய விரல்களுக்கு விசை அமுங்குவது புதிதாக இருந்தது. இரண்டு மூன்று நாளில் பழகிவிட்டாள். பிறகு அவள் தட்டும் வேகத்துக்குத் திரை பிந்தி வந்தது.

நேர்முகத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது அது நடந்தது. அதே ஜெனரேற்றரில்தான் வெல்டிங் வகுப்பும் ஓடியது. வெல்டிங் பிடிக்கும்போது இயந்திரம் இழுத்து முனகும். கையெடுத்ததும் துள்ளும். அன்று துள்ளிய துள்ளலில் கணினிக்குள் வெடிச் சத்தம் ஒன்று கேட்டு, பச்சை எழுத்துகள் ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தன. கருகிய மணம். செல்வமணி இரண்டு கையையும் தூக்கியபடி இருந்தாள்.

"நான் ஒண்டும் செய்யல, சேர்."

"இல்லை பிள்ளை. உம்மில பிழை இல்லை."

தாய்ப்பலகை போயிருந்தால் வன்னிக்குள் வேறொன்று கிடையாது. ரீச்சர் கண்ணாடியைக் கழற்றவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முதல் கொஞ்சம் தண்ணி குடியுங்கோ" என்றார்.

மின்வழங்கியைத் திறந்தேன். பெரிய ட்ரான்சிஸ்டர் வெடித்துப் பிளந்திருந்தது. அடி தாய்ப்பலகைக்குப் போகுமுன் அதில் நின்றிருக்கலாம். நிற்காமலும் போயிருக்கலாம். புதிது போட்டுப் பார்த்தால்தான் தெரியும். நேசன் அண்ணையிடம் ஓடினேன். சாக்கு முழுவதும் தேடினோம். இருந்ததெல்லாம் செத்தவை.

"அவ்வளவு தாங்குறது நல்ல ரீவி ஒண்டுக்குள்ளதான் இருக்கும், குணம். இப்ப ஆர் நல்ல ரீவியைக் குடுக்கிறது" என்றார்.

நல்ல ரீவி ஒன்று எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் இருந்தது. மின்சாரம் நிற்பதற்கு முந்திய வருடம் வாங்கியது. என் மனைவி புஷ்பம் கிளிநொச்சியிலிருந்து வரும்போது மா இடிக்கும் உரலை விட்டுவிட்டு அதைக் கொண்டுவந்தவள். போர்வையால் சுற்றி, நிலம் ஈரமென்று கல்லடுக்கி மேலே வைத்திருந்தாள். கிழமைக்கொருதரம் போர்வையை விலக்கித் துடைப்பாள். வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் அவளிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

கொஞ்ச நேரம் புடைத்தாள். "அதைக் கழற்றினால் பிறகு ஓடாதோ?"

"வேற போட்டால் ஓடும். ஆனால் வேற எப்ப கிடைக்குமோ தெரியாது."

"கரண்ட் வந்தால் முதல் நாளே போட்டுப் பாக்கவேணும் எண்டு நினைச்சிருந்தனான்" என்றாள். பிறகு சுளகை வைத்துவிட்டு எழும்பினாள். "அந்தப் பெட்டையின்ர தகப்பனை ஆஸ்பத்திரி வாசலில கண்டனான். ரெண்டு அடி நடந்து நடந்து நிக்கிறார். கழற்றுங்கோ. திருகாணியளைத் துலைச்சுப் போடாதேங்கோ."

போர்வையை அவளே விலக்கினாள். நான் கழற்றும்போது திருகாணிகளை ஒரு சிரட்டைக்குள் வாங்கி வைத்தாள்.

அடுத்தநாள் காலை ட்ரான்சிஸ்டரைப் பூட்டினேன். அடியில் வைக்கும் மைக்காத் தகடு பழையதில் உடைந்திருந்தது. ரீவியிலிருந்ததையும் எடுத்து வந்தது நல்லதாகப் போயிற்று. வெல்டிங் வகுப்பை ரீச்சர் நிறுத்தியிருந்தார். ஜெனரேற்றர் துள்ளாமல் இருக்க, சுமையாக இரண்டு குமிழ்களை எரியவிட்டேன். வழியில் போட்ட குமிழையும் மறக்கவில்லை. வாசலில் ராமையா நின்றார். மகள் சொல்லியிருக்கவேண்டும், வந்துவிட்டார்.

"பயமா இருக்குங்களா, ஐயா?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

"நமக்கும்தாங்க."

ஆளியைப் போட்டேன். குமிழ் மின்னியது. மங்கியது. விசிறி சுற்றியது. நாங்கள் எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பழைய பெட்டி, திரை சூடாக நேரமெடுக்கும். அந்த நேரம் என் வாழ்க்கையில் மிக நீண்டது. பிறகு 'பீப்'. பச்சை எழுத்துகள்.

நான் பக்கத்தில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். ரீச்சர் கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, திரும்பப் போட்டார். பிறகும் கழற்றித் துடைத்தார். செல்வமணி கதிரையில் போய் இருந்து, அன்றைய பாடத்தைத் தட்டத் தொடங்கினாள்.

குறித்த நாளில் அவளும் தகப்பனும் வவுனியாவுக்குப் போனார்கள், அவள் நேர்முகப் பாஸிலும் அவர் மருத்துவப் பாஸிலும். அதற்குப் பிறகு பாதை மூடிவிட்டது. கடிதம் இல்லை, ஆளும் இல்லை. முதலில் நாங்கள் அதைப்பற்றிக் கதைத்தோம். மாதக்கணக்கானபோது கதைப்பதை விட்டுவிட்டோம். மனுசன் பாதி வழியில் மூச்சுக்கு இழுத்திருப்பாரோ, அவளைத் தேர்வில் கழித்துவிட்டார்களோ, எங்கே தங்கினார்களோ என்று எனக்குள் ஓடிக்கொண்டேயிருந்தது. ரீச்சரும் அப்படித்தான் இருந்திருப்பார். செல்வமணியின் காலை மணித்தியாலத்தை அவா வேறு ஆருக்கும் கொடுக்கவில்லை.

மழைக்காலம் முடிய பாதை திறந்தது. முதலில் வந்த லொறிகளில் ஒன்றில், லீவில் போய் வவுனியாவில் மாட்டுப்பட்டிருந்த எங்கள் ஆஸ்பத்திரித் தாதி கமலா வந்திறங்கினார். வீட்டுக்குப் போகுமுன் நேரே நிலையத்துக்கு வந்தார். ரீச்சர் பின்னக் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கரும்பலகையில் பாதிக் கணக்கு. நான் பக்கத்துக் கொட்டிலிலிருந்து ஓடி வந்தேன்.

"உங்கட செல்வமணிக்கு வேலை சரி, ரீச்சர்" என்றார் கமலா. "அங்க எலி மாதிரி ஒண்டு வைச்சிருந்தவையாம், இவா அதைத் தொடவே இல்லையாம். விசையாலேயே எல்லாத்தையும் செய்துபோட்டு எழும்பினவாவாம். ஒவ்வொரு நாளும் காலமை சைக்கிளில போறதைக் காணுறனான்."

"தகப்பன்?" என்று ரீச்சர் கேட்டார்.

"இருக்கிறார். ஒழுங்கா கிளினிக்குக்கு வாறார். வீட்டு வாசலில கதிரை போட்டு இருந்து, றோட்டால போறவையோட எல்லாம் கதை. என்னைக் கண்டிட்டு, 'ரீச்சரம்மாவுக்கும் ஐயாவுக்கும் நான் நல்லா மூச்சு விடுறேன்னு சொல்லுங்க' எண்டவர்."

ரீச்சர் கையிலிருந்த சோக்கைக் கீழே வைத்தார். கணக்கைப் பாதியில் விட்டு அவா வகுப்பை முடித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. "பிள்ளையள், இண்டைக்குக் காணும். வீட்டை போங்கோ" என்றார். பிள்ளைகள் போனபிறகும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தக் காலமை நேரத்துக்கு நாளையில இருந்து ஆரை விடுவம், குணரத்தினம்?" என்று கேட்டார்.